பகரம் இருந்தவள்

போன வாரம் உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஒரு பெண் வேலை மாறினால் அவளுக்குப் பேறுகால விடுப்பு உண்டா, இல்லையா? ஒரு வரியில் பதில் வேண்டும் என்று பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். சட்டப்புத்தகம் அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு இருந்த சட்டமும் இன்றைக்கு இருப்பதும் ஒன்றில்லை, ஆனால் சங்கத்து வாசலில் வந்து நிற்கிற பெண்ணின் கேள்வி மாறவில்லை. நான் வேலையில் சேர்ந்த புதிதில் அந்தக் கேள்வி என் முன்னால் இரண்டு பெண்களாக வந்து நின்றது. மனு எழுதுவது எப்படி, யாருக்கு நகல் போடுவது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எனக்கு அப்போதும் பொறுமை கிடையாது, ஓய்வு பெற்ற பிறகும் வந்தபாடில்லை.

பாறசாலையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் தொழிலாளர் சங்க ஆபீஸ். பள்ளி இறுதி தேறி, சபைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போய், ஒரு பருவம்கூடத் தாங்காமல் வெளியே வந்தவள் நான். தமிழும் மலையாளமும் எழுதுவேன், ஆங்கிலத்தில் சமாளிப்பேன். அதனால் சங்கத்தில் மனு எழுதும் வேலை கிடைத்தது. அது எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். மலையாள நாட்டோடு இருந்த எங்கள் ஊர்கள் தமிழ்ப் பக்கம் சேர வேண்டும் என்று ஊர்வலம் போனோம், கூட்டம் போட்டோம், அடி வாங்கினோம். கோடு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரு ஓடையைக் காட்டி இதுதான் எல்லை என்றார்கள். எனக்கு இரண்டிலும் ஒரே ஆவேசம்: காலையில் கூலிக்கு மனு, மாலையில் எல்லைக்குக் கோஷம்.

எங்கள் சங்கத்தில் பாதிப் பெண்கள் அண்டியாபீஸ்காரிகள். முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பு எடுக்கும் ஷெட்டுக்கு அந்தப் பக்கத்தில் அண்டியாபீஸ் என்றுதான் பெயர். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து கல்லில் வைத்துக் கொட்டையை உடைப்பார்கள். தோட்டின் எண்ணெய் பட்டுக் கைகள் கறுத்துப் பொரிந்திருக்கும். ஷெட்டில் உட்காரும் இடம் கிடைப்பது சுலபமில்லை. கிடைத்த இடத்தை விடவும் மாட்டார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலோ, பேற்றுக்குத் தாய்வீடு போனாலோ, அவள் தங்கையோ நாத்தனாரோ வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். பேர் கூப்பிடும்போது போனவளின் பேருக்கு இவள் குரல் கொடுப்பாள். இதற்குப் பகரம் இருப்பது என்று பெயர். மேஸ்திரிக்குத் தெரியும், மானேஜருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். குடும்பத்துக்குள் செய்துகொள்ளும் உபகாரம் என்றே எல்லோரும் அதை நினைத்தார்கள். எங்கள் தலைவர் மேடையில் அதைப் புகழ்ந்தே பேசியிருக்கிறார்.

அந்த உபகாரம் சட்டத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருத்தி விடுப்புப் பணம் கேட்டுப் போனாள். ஆபீஸ் கணக்குப்படி பிள்ளை பெற்ற அன்றைக்கும் அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொட்டை உடைத்திருந்தாள்.

ஞானம்மையின் கதை அதைவிடச் சிக்கலானது. அவள் பாறசாலைக்குப் பக்கத்து ஷெட்டில் பல வருஷமாக உடைப்பவள். கணவன் தங்கையன், போராட்ட ஊர்வலத்தில் பிடிபட்டு உள்ளே இருந்தான். அந்த நேரத்தில் முதலாளி களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு புது ஷெட் திறந்தார். பழையது எப்போது வேண்டுமானாலும் மூடும், இடம் வேண்டியவர்கள் புதியதில் வந்து பேர் எழுதிக்கொள்ளுங்கள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஆட்களுக்கு இது கொண்டாட்டமாக இருந்தது. கோடு எப்படி விழுந்தாலும் அந்த இடம் தமிழ்ப் பக்கமாகத்தான் இருக்கும், நம் பெண்கள் நம் மண்ணில் வேலை செய்யட்டும் என்றார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஞானம்மைக்கு அப்போது ஆறு மாதம். வயிறு தெரிந்துவிட்டால் புதிய இடத்தில் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்தாள். பழைய இடத்தை விட்டுவிடவும் மனமில்லை. அதனால் இடுப்பு முண்டைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு புது ஷெட்டில் போய்த் தன் பேரை எழுதினாள். பழைய ஷெட்டில் அவள் இடத்தில், பக்கத்திலேயே கட்டிக்கொடுத்திருந்த தங்கையனின் தங்கை எஸ்தர் பகரம் இருந்தாள். ஒரு பெண்ணுக்கு இரண்டு இடம். பிள்ளை பிறந்த பிறகு எது நிலைக்கிறதோ அதில் இருந்துகொள்ளலாம். வெளியே இருந்து பார்த்தால் முட்டாள்தனம். அந்த ஷெட்டுகளில் வாழ்ந்தவர்களுக்கு அதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு கிடையாது.

ஏழாம் மாதம் புது ஷெட்டில் விடுப்பைப் பற்றி வாயெடுத்தாள். நடந்ததை அவளே எங்கள் ஆபீசில் வந்து சொன்னாள். எஸ்தர் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“காலத்த அங்க வச்சு மானேஜர் ‘நீ புதுசாக்கும், உனக்கு ஒண்ணும் கிடையாது’ன்னாரு. மத்தியானம் இங்க வந்து கேட்டேன். ‘நீதான் விட்டுட்டுப் போனவளாச்சே’ன்னாரு. ஒரே வாயி மக்கா. காலத்த ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு.”

எஸ்தரையும் அன்றைக்கே வெளியே போகச் சொல்லியிருந்தார். ஆள்மாறாட்டத்துக்குப் போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றும் சொல்லியிருந்தார்.

இரண்டு ஷெட்டும் ஒரே முதலாளியுடையது என்பது ஊரில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். ஆனால் காகிதத்தில் புது ஷெட் மருமகன் பேரில் வேறு கம்பெனி. அதற்கு வேறு மானேஜர் என்று யாரோ ஒருவர் பேர் எழுதியிருந்தது, அவரை யாரும் பார்த்ததில்லை. அன்றைய சட்டத்தில் இத்தனை மாதம் ஒரே முதலாளியிடம் வேலை செய்தவளுக்குத்தான் பேறுகாலப் பணம். இரண்டும் வேறு வேறு என்றால் ஞானம்மை பழையதிலிருந்து விலகியவள், புதியதில் நேற்று வந்தவள். இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுவாள். வீட்டில் சம்பாதிப்பவன் லாக்கப்பில் இருந்தான்.

புகார் எழுதிப் போட்டோம். நெய்யாற்றின்கரைக்குத் தொழில் இலாகா அதிகாரி முகாம் வருகிறார், இரு தரப்பும் ஆஜராக வேண்டும் என்று தாக்கீது வந்தது. அவர் வருவது எப்போதாவதுதான். அடுத்த முறை வருவதற்குள் பிள்ளை பிறந்துவிடும்.

அந்த நாளைத்தான் எங்கள் போராட்டக்காரர்கள் ஹர்த்தாலுக்கு வைத்தார்கள்.

எங்கள் தலைவரை எல்லோரும் அண்ணன் என்போம். அவர் ஊர்வலத்தை நடத்த வேண்டியவர், விசாரணைக்கு வர முடியாது. முந்தின நாள் என்னை உட்காரவைத்து வழி சொன்னார். ஞானம்மை புது ஷெட்டுக்குப் போகவே இல்லை என்று சொல்லிவிட வேண்டும், பழைய இடத்தில் இருந்தது அவளேதான், எஸ்தர் என்று யாரும் அங்கே வரவில்லை.

“அங்க பேர் எழுதியிருக்கே அண்ணா” என்றேன்.

“ஞானம்மைன்னு பேருள்ளவ இந்த நாட்டுல ஒருத்திதானாக்கும்? ஒரு கல்லை எறிஞ்சா மூணு ஞானம்மைமேல படும். அது வேற ஞானம்மைன்னு சொல்லு.”

அவர் சொன்னதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. வழக்குகளில் அவர் ஜெயித்திருக்கிறார், நான் அதுவரை தனியாக ஒன்றில்கூட நின்றதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஹர்த்தாலன்று பஸ் இல்லை. நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு கொண்டுபோகும் ஒரு காளைவண்டிக்காரரை எஸ்தர் எப்படியோ பேசிப் பிடித்தாள். கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் ஞானம்மையை உட்காரவைத்தோம். விடிந்ததும் கிளம்பினால் யாரும் மறிக்க மாட்டார்கள் என்று நினைத்தோம். உதியன்குளங்கரை தாண்டுவதற்குள் சாலைக்குக் குறுக்கே ஒரு முறிந்த பலாக்கொப்பு கிடந்தது. கொடியோடு எங்கள் பையன்கள், எல்லோரும் தெரிந்த முகங்கள். அவர்களுக்கு முன்னால் பொழியூரிலிருந்து மீன் கொண்டுவந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் தங்கையனோடு ஊர்வலத்தில் போனவன். ஞானம்மையைப் பார்த்ததும் அவனுக்கு முகம் மாறியது.

“மைனி, நீங்களே ஹர்த்தாலை முறிச்சா ஊருக்காரன் என்ன பறைவான்? தங்கையன் அண்ணன் எதுக்கு வேண்டி உள்ள கெடக்காரு?”

“அது எனக்குத் தெரியும்லே. நான் எதுக்கு வேண்டிப் போறேன்னு உனக்குத் தெரியுமா?”

அவள் சொல்லச் சொல்ல அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனாலும் வண்டி போகக் கூடாது, இன்றைக்கு வண்டி ஓடினால் மானம் போய்விடும் என்றான். மீன்காரிகளில் ஒருத்தி எழுந்து வந்தாள்.

“உனக்க மானம் அங்க இருக்கட்டு. எனக்க சாளை நாறிச்சுன்னா உனக்க தலையிலயாக்கும் கொட்டுவேன்.”

பையன்கள் தங்களுக்குள் பேசினார்கள். பிறகு அவர்கள் செய்தது எந்தக் கட்சித் தீர்மானத்திலும் இருக்காது. காளைகளை அவிழ்த்து வண்டிக்காரரிடம் கொடுத்தார்கள். நுகத்தைத் தாங்களே பிடித்தார்கள். காளை இழுத்தால்தானே வண்டி, நாங்கள் தள்ளிக்கொண்டு போவது எங்கள் இஷ்டம் என்றான் ஒருவன். மீன்கூடைகளும் வண்டியில் ஏறின. முன்னால் கொடி, நடுவில் ஞானம்மை, கிழங்கு, சாளை, பின்னால் இரண்டு காளைகளோடு வண்டிக்காரர். அமரவிளைப் பாலம் வரை அப்படிப் போனோம். நான் பக்கத்தில் நடந்தேன்.

அந்த நடையில்தான் எனக்குக் கணக்கு புரிந்தது. ஞானம்மை புது ஷெட்டுக்குப் போகவே இல்லை என்று சொன்னால், நாங்கள் மானேஜரின் சொல்லை மறுக்கிறோம், அவ்வளவுதான். அவர் சாட்சி கொண்டுவர வாய்தா கேட்பார். வாய்தாவை இவளுடைய வயிறு தாங்காது. போனாள் என்று நாங்களே சொல்லிவிட்டால், போனதை நிரூபிக்கும் வேலை அவருக்கு இல்லை. பிறகு கேள்வி ஒன்றே ஒன்று: அனுப்பியது யார், அங்கே வேலை வாங்கியது யார்? எனக்கு நேர்மையைப் பற்றிப் பெரிய எண்ணம் எதுவும் அப்போது இல்லை. பலமான வழக்கு எதுவென்று தேடினேன், உண்மை அந்தப் பக்கம் இருந்தது.

ஆனால் அதைச் சொன்னால் எஸ்தர் பகரம் இருந்ததையும் சொல்ல வேண்டும். அதை நான் சொல்ல முடியாது, அவள்தான் சொல்ல வேண்டும். பாலத்தடியில் பையன்கள் இளைப்பாற நின்றபோது அவளைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். போலீஸ் என்று மானேஜர் மிரட்டியதையும் மறைக்கவில்லை. நீ வேறு பேரில் உடைத்த நாட்கள் உன் கணக்கில் வராது, நாளைக்கு நீ போய்க் கேட்டால் ஒரு நாள்கூட வேலை செய்யாதவள் என்பார்கள் என்றேன்.

“மைனிக்குக் கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

“கிடைக்கலாம்.”

“அப்ப நான் சொல்லுதேன்.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி கிளம்பும் மனநிலையில் இருந்தார். மானேஜர் முந்தின நாளே வந்து தங்கி, குளித்து, சந்தனம் இட்டு, முன் நாற்காலியில் இருந்தார். புது ஷெட்டில் பேர் எழுதுகிற கணக்குப்பிள்ளையைச் சாட்சிக்கு வரச் சொல்லியிருந்தாராம், ஹர்த்தாலால் அவர் வந்து சேரவில்லை. மானேஜருக்கு அதுதான் எரிச்சல்.

அதிகாரி மலையாளத்தில் கேட்டார், நான் மலையாளத்தில் பதில் சொன்னேன். சங்கத்துக்காரி தமிழில்தான் பேச வேண்டும் என்று எங்கள் ஆட்கள் தீர்மானம் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் யாரும் அறைக்குள் இல்லை. ஞானம்மையும் எஸ்தரும் தமிழில் பேசினார்கள், அவருக்குப் புரிந்தது.

எஸ்தர் எழுந்து நின்று சொன்னாள். “மைனிக்க எடத்துல நானாக்கும் பகரம் இருந்தது. பேர் விளிக்கும்போ இருக்கேன்னு குரல் குடுத்ததும் நான்தான்.”

மானேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிரூபிக்க வந்ததை நாங்களே கையில் கொடுத்துவிட்டோம். கேட்டீர்களா சார், இவள் விலகிப்போனவள், அங்கே வேறு கம்பெனியில் வேலை செய்தவள் என்று அதிகாரியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவரைப் பார்த்து, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டேன்: புது ஷெட்டில் ஞானம்மை உண்மையாகவே வேலை செய்தாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், கேள்விப்பட்டீர்களா?

சாட்சி வராத எரிச்சலில் இருந்தவருக்கு அது குத்தியது.

“கேள்விப்பட்டதா? கொள்ளாம். அவ உடைச்ச பருப்பை நாள்தோறும் எடை போட்டது நானாக்கும். எனக்க கண்ணால கண்டது.”

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். அங்கே எடை போட்டது நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றார். அப்படியென்றால் இங்கே பழைய ஷெட்டில் எடை போட்டது யார்? அதுவும் நான்தான், காலையில் அங்கே, மத்தியானம் இங்கே என்றார் மானேஜர். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. ஞானம்மை எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

உத்தரவு பிறகு தபாலில் வந்தது. இரண்டு ஷெட்டும் ஒரே நிர்வாகம், ஞானம்மையின் வேலை அறுபடவில்லை, பேறுகாலப் பணம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அன்றைக்கே வாய்மொழியாக அதிகாரி எங்களிடம் சொல்லிவிட்டார். எஸ்தரைப் பற்றியும் சொன்னார், கடுமையாக இல்லை. பிறர் பேரில் செய்த வேலையை அவள் வேலையாகக் கணக்கில் எடுக்க முடியாது. போலீசுக்குப் போக வேண்டாம் என்று மானேஜரிடம் சொன்னார். மானேஜர் அதற்குள் போலீசை மறந்திருந்தார்.

நான் விடவில்லை. ஞானம்மை விடுப்பில் போனால் அந்த இடம் காலியாகத்தானே கிடக்கும், அதில் எஸ்தரை அவள் சொந்தப் பேரில் வைக்கட்டும் என்று கேட்டேன். புகாரில் அது இல்லை என்றார் அதிகாரி. இல்லைதான் என்றேன். அவர் மானேஜரைப் பார்த்தார். மானேஜருக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. ஆகட்டும் என்றார்.

திரும்பும்போது ஹர்த்தால் முடிந்திருந்தது, காளைகளே இழுத்தன. கிழங்கு விற்ற காலி வண்டியில் ஞானம்மை சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்த குஷியில் நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் எஸ்தர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடி ஓரமாக வாந்தி எடுத்தாள். வெயில் என்று நினைத்தேன். ஞானம்மை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

“எஸ்தரே.”

“உண்டு மைனி” என்றாள் எஸ்தர், வாயைத் துடைத்துக்கொண்டு. “போன மாசமே தெரியும்.”

பாலத்தடியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் என்னைச் சிறுபிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள், எங்கள் இருவருக்கும் ஒரே வயதுதான்.

“சொல்லியிருந்தா நீ என்னைய அங்க எழும்பிப் பேச விட்டிருப்பியா?”

விட்டிருக்க மாட்டேன். ஞானம்மை அன்றைக்கு நடுவில் விழுந்திருப்பாள்.

எஸ்தர் மறுநாள் ஷெட்டில் போய்த் தன் பேரை எழுதவைத்தாள். நானும் கூடப் போயிருந்தேன். அன்றிலிருந்து அவள் நாட்கள் அவளுடையவை. ஆனால் சட்டம் கேட்ட காலம் நிறைவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. அந்தப் பேற்றுக்கு அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் எழுதிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஞானம்மை தனக்குக் கிடைத்ததை வைத்து இரண்டு பேற்றையும் ஒப்பேற்றினாள் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு எல்லை போட்டார்கள். பழைய ஷெட் கேரளத்துக்குள்ளும் புது ஷெட் சென்னை மாநிலத்துக்குள்ளும் ஆயிற்று. நாங்கள் கோஷம் போட்ட பல ஊர்கள் கேரளப் பக்கமே நின்றன. அந்த விசாரணை அதற்குப் பிறகு நடந்திருந்தால் இரண்டையும் ஒன்று என்று நிரூபிக்க எனக்கு வழி இருந்திருக்காது. அந்தந்தச் சமயத்தில் கையில் இருக்கும் வழியைத்தான் நாம் பார்க்க முடியும்.

இப்போது பென்சிலோடு வந்தவளுக்குச் சொல்கிறேன். வேலை மாறுகிறேன் என்று ஒருத்தி வந்தால், எங்கே போகிறாய் என்பதோடு நிறுத்தாதே, நீ எழுந்த இடத்தில் யார் உட்காருகிறாள் என்று கேள். கூட வந்து சுவரோரம் நிற்கிறவளையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவை. அவள் பேர் எங்கே எழுதியிருக்கிறது என்று முதலில் பார். அவள் சொல்லாததும் இருக்கும். சிலது சொல்லாமல் இருக்க அவளுக்கு உரிமை உண்டு, அதையும் விட்டுக்கொடு.

ஞானம்மை திரும்பிய பிறகும் எஸ்தரின் பேர் ஷெட்டில் நிலைத்தது; இரண்டாவது பிள்ளைக்கு அவள் முறைப்படி விடுப்பு எடுத்தாள், முழுப் பணமும் வாங்கினாள். அந்தக் காலம் முழுக்க அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தவள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, உறவுகூட இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, மேஸ்திரியின் முன்னால் நிறுத்தி, அவள் பேரை அவளைக் கொண்டே சொல்லவைத்து, எழுதியதைப் பார்த்த பிறகுதான் எஸ்தர் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள்.